ரெக்கார்டு அண்ணன்

ஈக்காட்டுத்தாங்கலில் ஏப்ரல், மே மாதங்களில் டீக்கடைக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘நேத்து மேட்ச் பார்த்தீங்களா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வரும். ரெக்கார்டு அண்ணன் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அடுத்த இருபது நிமிஷம் உங்களுடையது அல்ல.

அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. வேலை, கிண்டி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை. மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பிடித்து, எதையும் தசமப் புள்ளிக்குப் பின்னால் போய்ப் பார்க்காமல் நம்புவதில்லை என்ற குணம் வந்துவிட்டது. இப்படி ஒருவர் சென்னையின் எல்லாப் பேட்டையிலும் உண்டு. மயிலாப்பூரில் அவர் பேங்கில் ரிட்டயர் ஆனவராக இருப்பார். 1948-ல் ஓவல் மைதானத்தில் பிராட்மேன் இன்னும் நாலே நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறு என்று ஆரம்பித்துப் பெருமூச்சு விடுவார். எங்கள் அண்ணனுக்கு வரலாறு 2008 ஏப்ரல் 19-ல்தான் தொடங்குகிறது. அன்றுதான் சென்னை சூப்பர் கிங்ஸ் மொஹாலியில் முதல் மேட்ச் ஆடியது. மைக் ஹஸ்ஸி 54 பந்தில் 116. டீம் ஸ்கோர் 240. அதற்கு முந்தியதெல்லாம் அவருக்குச் சங்க காலம்.

அண்ணனிடம் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. “ஐபிஎல்லுல மொத ஹாட்ரிக் யாரு? நம்ம பாலாஜி. எங்க? நம்ம சேப்பாக்கம். எப்போ? 2008 மே 10.” நாம் வாயைத் திறப்பதற்குள் 2010-க்குப் போயிருப்பார். “ஏப்ரல் 3. முரளி விஜய் 127. டீம் 246. பதிலுக்கு ராஜஸ்தான் எவ்ளோ? 223. ஒரே நாள்ல 469 ரன்னு!” கூட்டல்கூட அவரே போட்டுக் கொடுத்துவிடுவார்.

இவ்வளவு ஞாபகம் உள்ளவர் நடுநிலையானவராக இருப்பார் என்று நினைத்தால் அண்ணனைத் தெரியாது என்று பொருள். எண்களை அவர் வக்கீல் சாட்சிகளை அழைப்பதுபோல் அழைப்பார். எந்தச் சாட்சி என்ன சொல்லும் என்று தெரிந்துதான் கூண்டில் ஏற்றுவார். இது அம்பலமாவது ஒலிம்பியா டெக் பார்க்கிலிருந்து டீ குடிக்க வரும் தம்பி ஒருவன் எதிரில் உட்காரும்போது. தம்பிக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டி. ஆனால் ரோஹித் சர்மாவுக்காக மும்பைக் கட்சி.

“கப்பு அஞ்சுக்கு அஞ்சுண்ணே. சமம்.”

“சாம்பியன்ஸ் லீக்?”

“நீங்க 2010, 2014. நாங்க 2011, 2013. அதுவும் ரெண்டுக்கு ரெண்டு.”

அண்ணன் கிளாஸைக் கீழே வைப்பார். “எத்தன ஃபைனல்? 2025 வரைக்கும் நாங்க ஆடுனது 16 சீசன். அதுல பத்து ஃபைனல். நீ மொத்தம் ஆறு.”

“அந்தப் பத்துல நாலு எங்களோட. 2010 மட்டும் உங்களுக்கு. 2013, 2015, 2019 எங்களுக்கு. மூணுக்கு ஒண்ணு.”

“தம்பி, ஃபைனலுக்கு வந்தவன்தான்பா ஃபைனல்ல தோக்க முடியும்!”

இந்த வாக்கியத்துக்கு இதுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. தம்பிக்கு மிஞ்சியிருப்பது ஒரே அஸ்திரம்: சென்னைக்குத் தடை விதிக்கப்பட்ட 2016, 2017. அதற்கும் அண்ணன் அசர மாட்டார். “அந்த ரெண்டு வருஷம் ஒரு மேட்ச்லகூட தோக்கல. ரெக்கார்டைப் பாத்துக்க.”

ஆனால் 79 என்ற எண்ணை மட்டும் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாது. 2013-ல் வான்கடேயில் மும்பையிடம் டீம் மொத்தமும் 79-க்குச் சுருண்டது. தேதி மே 5. அன்று ஞாயிற்றுக்கிழமை; அண்ணனின் ஞாபகசக்திக்கு லீவு.

அவர் முழு வேகத்தில் இயங்குவது லீக் சுற்றின் கடைசி வாரத்தில்தான். புள்ளிகள் சமமாகி, நெட் ரன் ரேட் தலையெடுக்கும் நேரம். நமக்கு அது டிவியில் மூலையில் தெரியும் ஒரு எண். அண்ணனுக்கு அது வாழ்வாதாரம். கடை பேப்பரின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் போட்டுக் காட்டுவார்: அடித்த ரன்னை ஆடிய ஓவரால் வகு, கொடுத்த ரன்னைப் போட்ட ஓவரால் வகு, முன்னதிலிருந்து பின்னதைக் கழி. “ஆனா ஆல் அவுட் ஆயிட்டா பன்னெண்டு ஓவர்ல முடிஞ்சாலும் இருபதுன்னுதான் வகுக்கணும். அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க” என்பார், எல்லாரும் ராத்திரி பூரா அதைத்தான் போட்டுக்கொண்டிருந்த மாதிரி.

2024 மே 18 அவருடைய பொற்காலம். பெங்களூரு 218 அடித்துவிட்டது. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் பிளே ஆஃப் உறுதி. தோற்றும் ஜெயிக்கலாம் என்ற நிலைமை, தோல்வியில் கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும்! ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு இலக்கு சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் 191. பத்து ரன் போதவில்லை. “27 ரன்ல தோத்தோம்னு போடுவான் பேப்பர்காரன். அது தப்பு. பத்து ரன்ல தோத்தோம்” என்று மறுநாள் திருத்தினார்.

வீட்டில் அண்ணனின் பாச்சா பலிக்காது. அண்ணிக்கும் ஒரு நோட்டு உண்டு. பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, மெட்ரோ வாட்டர் லாரி வராத நாள், எல்லாம் அதில் இருக்கிறது. “போன சிலிண்டர் நாப்பத்தேழு நாள். இது நாப்பத்தொண்ணு. ராத்திரி மேட்ச் பாக்குறேன்னு மூணு வாட்டி காப்பி கேட்டீங்களே, அதான்” என்று அவர் எடுத்துவிட்டால், அண்ணன் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்துவிடுவார்.

மேட்ச் நாளில் அவரோடு மெட்ரோவில் போவது தனி அனுபவம். ஈக்காட்டுத்தாங்கலில் ஏறி, ஆலந்தூரில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் சேப்பாக்கம். ஆலந்தூர் வரைக்கும் 2010 கப்பு. சைதாப்பேட்டை தாண்டும்போது 2011 ஃபைனல், அஸ்வின் முதல் ஓவரிலேயே கெய்லை டக் அவுட் ஆக்கியது. டிஎம்எஸ் வருவதற்குள் 2018-ல் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல், கடைசியில் 117 அடித்து நின்றது. மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டுக் கேட்பார்கள். அதுதான் அவருக்குச் சம்பளம்.

சாதாரண ரசிகனுக்கு டீம் தோற்றால் துக்கம். அண்ணனுக்குத் துக்கம் வருவதற்குள் ஒரு ரெக்கார்டு வந்து நின்றுவிடும். 2014-ல் பஞ்சாபிடம் தோற்று வெளியேறிய மேட்சை அவர் தோல்வி என்றே ஒப்புக்கொள்வதில்லை. “ரெய்னா 25 பந்துல 87. ஆறு ஓவர்ல நூறு ரன். இதுல தோல்வி எங்கப்பா இருக்கு?” மாறாக, 2021-ல் கப்பு ஜெயித்த ராத்திரியில் அவர் முகம் வாடியிருந்தது. ஆரஞ்சு கேப் ருதுராஜுக்கு, 635 ரன். டுப்ளெஸி 633. “ரெண்டு ரன்னுப்பா. கடைசிப் பந்துல டுப்ளெஸி அவுட்டாகாம ஒரு ஃபோர் போயிருந்தா...” கோப்பையைத் தூக்கிக்கொண்டு டீம் சுற்றி வந்ததை அவர் சரியாகப் பார்க்கவில்லை.

2025 மார்ச் 28-ல் சோதனை முற்றியது. சேப்பாக்கத்தில் பெங்களூரு 2008-க்குப் பிறகு ஜெயித்ததே இல்லை. பதினேழு வருஷப் பெருமை அன்று 50 ரன்னில் போயிற்று. மறுநாள் கடை கொஞ்சம் பயத்தோடுதான் அண்ணனை எதிர்பார்த்தது. வந்தார். “நேத்து என்ன நடந்துதுன்னு தெரியுமா?” யாரும் பேசவில்லை. “சின்ன தல ரெய்னா 4687. தல நேத்து அதைத் தாண்டிட்டாரு. டீமுக்கு அதிக ரன் இனி தோனிதான். ஒம்பதாவதா எறங்கி!” ஒன்பதாவதாக ஏன் இறங்கினார் என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் அதையும் வரவில் எழுதிவிட்டார்.

சீசன் முடிந்தபோது சென்னை பத்தாவது இடம். வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி. உசிலம்பட்டித் தம்பி ஆபீஸிலிருந்து சீக்கிரமே இறங்கி வந்து பெஞ்சில் இடம் பிடித்தான்.

“ராஜஸ்தானுக்கும் எட்டுப் பாயின்ட், நமக்கும் எட்டு” என்றார் அண்ணன். “நாம கடைசி இல்லப்பா. தசமத்துல கடைசி. அது வேற. இன்னொண்ணு, கடைசி மேட்ச் என்னாச்சு? அகமதாபாத்ல குஜராத்தை 83 ரன்ல அடிச்சோம். கப்பு ஜெயிச்ச பெங்களூருவும் கடைசி மேட்ச் ஜெயிச்சுது. நாமளும் ஜெயிச்சோம். இந்தக் கணக்குல சாம்பியனும் நாமளும் சமம்.”

தம்பி செல்போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “அண்ணே, ராஜஸ்தானும் கடைசி மேட்ச் ஜெயிச்சுதுண்ணே. உங்ககிட்டதான்.”

கடையே அண்ணனைப் பார்த்தது. அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

“பாத்தியா? அவனையும் சாம்பியனுக்குச் சமமா ஆக்கிவுட்டது யாரு? நாமதான்!”