பிட்காயின் மாப்பிள்ளை

பவானியில் அந்தியூர் பிரிவுப் பக்கம் எந்த பேக்கரியில் நுழைந்தாலும் ஒரு பிட்காயின் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். டீ ஏடு கட்டியிருக்கும், கண் போனில் இருக்கும். அப்பா ஜமக்காளத் தறி போட்டவர். இவர் மார்க்கெட் பார்க்கிறார். ஈரோடு மஞ்சள் மார்க்கெட் என்று நினைத்துவிடாதீர்கள்.

காசு விஷயத்தில் ஆள் படு கறார். தேங்காய்பன் வாங்கிய மீதிக்கு மிட்டாய் கொடுத்தால் சண்டைக்கு வருவார். பங்காளி ஆயிரம் ரூபாய் கைமாத்து கேட்டால் போன் எடுக்கமாட்டார். ஆனால் பாட்னாவில் முகம் தெரியாத ஒருவருக்கு ஐம்பதாயிரத்தை யூபிஐயில் தட்டிவிடுவார். இதற்குப் பெயர் பீ டூ பீ. விற்பவரின் காயினை எக்ஸ்சேஞ்ச் பூட்டி வைத்துக்கொள்ளும். பணம் வந்ததென்று அவர் சொன்னால்தான் பூட்டு திறக்கும். அதுவரை திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும். அந்நேரம் அம்மா கூப்பிட்டாலும் கட்தான்.

ஏன் இப்படிச் சுற்றிவளைக்க வேண்டும்? 2022 ஏப்ரலில் காயின்பேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, கிரிப்டோவை யூபிஐயிலேயே வாங்கலாம் என்று பெங்களூரில் விழா எடுத்து அறிவித்தது. அன்றைக்கே யூபிஐயை நடத்தும் என்பிசிஐ, 'எந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சும் யூபிஐயைப் பயன்படுத்துவதாக எங்களுக்குத் தெரியாது' என்று அறிக்கை விட்டது. சில நாளில் அந்த வழி அடைபட்டது. கல்யாணத்தன்று பெண்ணின் அப்பா, 'எங்கள் வீட்டில் பெண்ணே இல்லையே' என்ற மாதிரி.

அதனால்தான் விற்பவர் முதலிலேயே எச்சரிப்பார்: குறிப்பில் கிரிப்டோ என்று எழுதக் கூடாது. நம்மவர் யோசித்து, 'ஜமக்காளம்' என்று போடுகிறார். பவானிக்காரர் பாட்னாவிலிருந்து ஜமக்காளம் வாங்குகிறார். பேங்க் கம்ப்யூட்டருக்குத் துளி சந்தேகம் வரவில்லை.

லாபம் வந்தால் 30 சதவீதம் வரி. ஒரு காயினில் விட்டதை இன்னொன்றில் எடுத்ததிலிருந்து கழிக்கவும் முடியாது. இதையெல்லாம் சொன்னால், "லாங் டேர்முங்ணா" என்பார். 2025 அக்டோபரில் கிரிப்டோவும் சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு அப்பாவிடமும் ஓடினார்.

"சொத்துன்னா பட்டா எங்க கண்ணு?"

"அதெல்லாம் பிளாக்செயின்ல இருக்குதுங்ப்பா."

பெருந்துறை ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டு 2012இல் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். மகனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கோழியையாச்சும் கண்ணுல பாத்தம் சாமி. தீனி வச்சம், கொத்துச்சு."

போன மாதம் மாப்பிள்ளை கொஞ்சம் விற்றார். வாங்கியவர் அனுப்பியது யாரையோ ஆன்லைனில் ஏமாற்றிய பணம். பறிகொடுத்தவர் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் சொல்ல, எங்கோ ஒரு மாநில சைபர் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, பவானிக் கணக்கையும் முடக்கிவிட்டது. பேங்கில் கேட்டால், "அந்த ஸ்டேஷன்ல பேசுங்க." ஸ்டேஷனில் இந்தி. இவருக்குத் தெரிந்த இந்தி 'பேமென்ட் டன் பையா'வோடு சரி.

இப்போது அண்ணன் கணக்கை வாங்கி ஓட்டுகிறார். நேற்று டீக்கு ஸ்கேன் செய்ய போனை நீட்டினார். பேக்கரிக்காரர் பாய்ந்து வந்து கியூஆர் அட்டையைத் துண்டால் மூடினார்.

"தம்பி, உங்களுக்கு மட்டும் ரொக்கமுங்க. இல்லீன்னா நோட்டுல எழுதிக்கறனுங்க."