புட்டி முருங்கைக்கு ஒரு பொன்னாடை

முருங்கையைக் கண்ணாடிப் புட்டிக்குள் வளர்த்துக்காட்டிய திசு வளர்ப்பு வல்லுநர்களுக்குத் தாராபுரத்தில் இன்னும் யாரும் பாராட்டு விழா எடுக்கவில்லை. நன்றி கெட்ட ஊர்.

மூலனூர்ப் பக்கம் முருங்கை வைக்கும் லட்சணத்தைப் பாருங்கள். நல்லாக் காய்க்கிற மரத்தில் கை கனத்துக்கு ஒரு போத்தை வெட்டுகிறார்கள். குழியில் நட்டு, வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டுப் போகிறார்கள். தாய்மரத்தின் குணம் மாறாமல் வந்துவிடுகிறது. என்ன செலவு என்றால், "ஏனுங்க, போத்துக்குப் போயி ஆருங்க காசு கேப்பாங்க?" என்கிறார்கள். இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?

ஆய்வுக்கூடத்தில் அதே காரியம் எவ்வளவு கௌரவமாக நடக்கிறது! ஊட்டக் கரைசலில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை. ரேஷன் சர்க்கரை அல்ல, ஆய்வகத் தரத்துச் சுக்ரோஸ். கரைசலை 121 டிகிரிக்குச் சூடாக்கிய கையோடு, செடி இருக்கும் அறையை 25 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். வெளியே வெயில் சும்மா கொளுத்துவதால் உள்ளே 16 மணி நேரம் டியூப்லைட். சுற்றிலும் சுழலும் காற்றாலைகளுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

முராஷிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962-இல் எழுதிவைத்த கரைசல் செய்முறை மீது இவர்களுக்குள்ள பக்தியோ அசைக்க முடியாதது. கரைசலைக் கெட்டியாக்க, கடல்பாசியில் எடுக்கும் விலை கூடிய அகருக்குப் பதில் இசப்கோல் போதும் என்று 1998-இல் டெல்லியில் காட்டினார்கள். உருளைக்கிழங்குக்கு ஜவ்வரிசியே போதும் என்று 2001-இல் சிம்லாவில் காட்டினார்கள். அந்த ஜவ்வரிசி நம் சேலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கடைச் சர்க்கரை, ஜாம் பாட்டில், ஜன்னல் வெளிச்சம் என்று சிக்கன வழிகளைத் தொகுத்து 2004-இல் சர்வதேச அணுசக்தி முகமை ஒரு வெளியீடே போட்டது. அதன்மேல் ஒரு கிருமி, ஒரு விரல்ரேகைகூடப் படாமல் காத்துவருவது இவர்களுடைய சுத்தத்துக்குச் சாட்சி.

நச்சுயிர் இல்லாத உருளை விதைக்கு இந்த வித்தை வேண்டியதுதான். நோவு நொடியில்லாத முருங்கைப் போத்துக்கும் அதே ராஜ மரியாதை தருவது பெருந்தன்மை.

பிள்ளை வளர்ப்பும் செல்லம்தான். புட்டியின் ஈரத்திலேயே இருந்த நாற்றுக்கு இலைத்துளையைச் சரியாக மூடத் தெரியாது. அமராவதிக் கரைக் காற்று பட்டால் வாடிவிடும். நிழல்வலைக்குள் தண்ணீர்ப் புகை அடித்து வாரக்கணக்கில் தாலாட்டவேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் விலை.

சீசனில் வரத்து கூடி, முருங்கைக்காய் பறிகூலிக்கே காணாத விலைக்குப் போகும். அப்போது, தோட்டத்தில் நிற்கும் மரம் ஏசி அறையில் பிறந்தது என்று விவசாயி மார்தட்டிக்கொள்ளலாம்.