ஷீல்டு யாருக்கு?

*போடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: இங்கிலாந்தில் 'நான்-லீக்' கால்பந்து கிளப் என்று சொல்கிறார்களே, அப்படி ஏதாவது நம்ம பக்கம் உண்டா?*

உண்டு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை, தேவிகுளம் தாண்டிப் பழைய மூணாறில் இறங்குங்கள். இங்கிலாந்தில் மேல் நான்கு டிவிஷன்களில் 92 கிளப்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். 1857-ல் தொடங்கிய ஷெஃபீல்டு, உலகின் மூத்த கால்பந்து கிளப், இன்றும் அந்தக் கீழ்ப்படியில்தான் ஆடுகிறது. வாரம் முழுக்க வேறு வேலை, வார இறுதியில் பந்து. நம் மலையில் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவை கண்ணன் தேவன் தேயிலை எஸ்டேட் அணிகள். அவர்களுக்கென்று 1941-ல் ஒரு போட்டி வந்தது: ஃபின்லே ஷீல்டு. குண்டுமலை, கன்னிமலை, நல்லதண்ணி, செண்டுவாரை, மாட்டுப்பட்டி, வாகவரை என்று எஸ்டேட் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். எந்த லீக் அட்டவணைக்கு இந்த அழகு வரும்?

*தேனியிலிருந்து ஒரு ஆசிரியை: 1941 என்றால் உலகப் போர் நடந்த நேரமாயிற்றே?*

ஆமாம். சந்தோஷ் டிராபி தொடங்கியதும் அதே 1941-தான். அங்கே மாகாணங்கள் மோதின, இங்கே எஸ்டேட்டுகள். சந்தோஷ் டிராபிக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஃபின்லே ஷீல்டுக்கு வாய்கள்தான் இருக்கின்றன.

*சின்னமனூர் வாசகர்: அதென்ன ஃபின்லே?*

ஜேம்ஸ் ஃபின்லே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கம்பெனி. 1890-களில் இந்த மலையில் கால் வைத்தது. கிளாஸ்கோ சாதாரண ஊர் இல்லை. 1872 நவம்பர் 30 அன்று உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் அங்கேதான் நடந்தது. ஸ்காட்லாந்து-இங்கிலாந்து, ஆளுக்குப் பூஜ்யம். பந்தை ஒருவரே உருட்டிக்கொண்டு ஓடாமல் தோழனுக்குத் தள்ளிவிட்டு ஆடும் முறையை வளர்த்ததில் அந்த ஊரின் குயின்ஸ் பார்க் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு கம்பெனி கைமாறியது. 1964-ல் டாடா சேர்ந்தது, 1983-ல் டாடா டீ ஆனது, 2005-ல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் புதிய கம்பெனி பிறந்தது. தேயிலைப் பாக்கெட்டில் ஃபின்லே போய்விட்டது. ஷீல்டில் மட்டும் அப்படியே நிற்கிறது. முதலாளி மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகை மாறும் நாட்டில், ஜெயித்தவர்களின் பேச்சுத்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

*போடி, பழைய ரயில்வே ஊழியர் ஒருவர்: மூணாறு கேரளா. அதை எப்படி நம்ம ஊர்க் கதை என்கிறீர்கள்?*

ஐயா, நீங்களே இப்படிக் கேட்கலாமா? மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குத்தான் வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துப் போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையில் அதை இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். 1956-ல் மூணாறு இருக்கும் தேவிகுளம் தாலுகா கேரளாவோடு போனது. தேயிலை கீழே இறங்கியது, மனிதர்கள் மேலே ஏறினார்கள். கொழுந்து கிள்ள ஏறிய குடும்பங்களில் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள். பந்தைத் துரத்தியது அவர்கள் பிள்ளைகள். கோடு வரைபடத்தில் இருக்கிறது. 'ஏய், பாஸ் குடுறா' என்ற சத்தம் தமிழில்தான் கேட்டது, கேட்கிறது.

*தேவாரத்திலிருந்து: தேயிலைக்கு டீம் இருக்கிறது. ஏலக்காய்க்கு ஏன் அப்படிப் பெயர் பெற்ற டீம் இல்லை?*

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இது. என் பதில் மூன்று சொல்: நிழல், சிதறல், ஜீப்.

ஏலச்செடிக்கு மர நிழல் வேண்டும். மரத்தை வெட்டிச் சமன் செய்து மைதானம் போட்டால் தோட்டமே போய்விடும். அடுத்து, ஏலத்தோட்டங்கள் சிறிதும் பெரிதுமாகப் பல கைகளில் சிதறிக் கிடப்பவை. கண்ணன் தேவன் மாதிரி ஒரே குடையின் கீழ் எஸ்டேட், டிவிஷன் என்று அடுக்கப்பட்டவை அல்ல. ஆனால் முக்கியமானது ஜீப். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப் ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்கள். காய் பறித்துவிட்டுப் பொழுது சாய அதே ஜீப்பில் இறங்கிவிடுவார்கள். தேயிலைத் தொழிலாளியோ எஸ்டேட்டுக்குள்ளேயே லயம் என்ற வரிசை வீட்டில் குடியிருந்தார். சாயங்காலம் அவர் அங்கேயே இருந்தார், பிள்ளைகளும் இருந்தார்கள். கால்பந்து டீம் பிறப்பது சாயங்காலத்தில். சாயங்காலம் காலியாகிற இடத்தில் டீம் எப்படி வளரும்?

இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை ஓய்ந்தால் வீட்டை விட வேண்டும். மூன்று தலைமுறை உழைத்தும் 'இது என் மண்' என்று காட்டப் பட்டா இல்லாதவர்கள், 'நாங்க குண்டுமலை டீம்' என்று சொல்லும்போது அந்த ஊரைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கிளப் என்றால் இதைவிட வேறென்ன?

*கம்பம் வாசகர்: கீழேயிருந்து போகும் டீம் மலையில் திணறுமாமே?*

கொஞ்சம் திணறும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். மூச்சு சீக்கிரம் வாங்கும், பந்து கூடுதலாகப் பறக்கும். சரிவில் தினமும் ஏறி இறங்கிய கால்களை எதிர்த்து ஆடுவது அதைவிடக் கஷ்டம்.

*பெரியகுளத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி: பெண்கள் ஆடி ஜெயித்த கதை எதுவும் இல்லையா?*

பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை சேது எஃப்.சி. 2016-ல் தொடங்கி, 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையையே தூக்கிவிட்டது. லூதியானாவில் நடந்த இறுதியில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றார்கள். பூட்ஸ் இருக்கிறதா? எழுதுங்கள், பேசலாம்.

*உத்தமபாளையத்திலிருந்து ஒரு வாசகி: என் தாத்தா மூணாறு எஸ்டேட்டில் ஆடியவர். வீட்டில் ஒரு குரூப் போட்டோ இருக்கிறது. பதினொரு பேர், நடுவில் பந்து. தாத்தாவைத் தவிர யாரையும் தெரியாது. என்ன செய்வது?*

அம்மா, முதலில் நல்ல வெளிச்சத்தில் அதைப் படம் எடுத்து மூன்று வீடுகளில் கொடுத்து வையுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்கள் மீது மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. அந்த லயங்களின் சுவரில் மாட்டியிருந்தவையும் அவர்களோடு போயின.

அடுத்து, பந்தை உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்தில் வருஷத்தைப் பந்திலேயே சுண்ணாம்பால் எழுதிப் படம் எடுக்கும் வழக்கம் உண்டு. கால்களையும் பாருங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகுதான் இந்திய அணிக்கே பூட்ஸ் கட்டாயமானது. ஆனால் வெறுங்காலை மட்டும் வைத்து வருஷத்தை முடிவு செய்யாதீர்கள். தோட்டத்துக் கூலியில் பூட்ஸ் வாங்குவது லேசான காரியமல்ல.

அப்புறம் அந்த எஸ்டேட்டிலேயே மூத்தவர் ஒருவரைத் தேடிப் போங்கள். போட்டோவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் விரல் ஒவ்வொரு முகமாக நகரும். பெயர் சொல்லச் சொல்ல, இடமிருந்து வலமாக, பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பட்டப்பெயர் சொன்னால் அதையும் எழுதுங்கள்; மைதானத்தில் கூப்பிட்டது அந்தப் பெயரைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.