நட்சத்திரம் இருக்கிறது, வாளி இல்லை

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
‘உங்கள் குடும்பத்தின் இரண்டாவது வீடு’ என்று விளம்பரம் செய்துகொள்ளும் நட்சத்திர விடுதி,
சென்னை மாநகரின் நட்டநடு.

பொருள்: எங்கள் வீட்டுப் பாப்பா தங்கள் விடுதியில் நடத்திய ஆய்வின் அறிக்கை சமர்ப்பித்தல் தொடர்பாக.

ஐயா,

தங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டுக் குழு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து அறையை அளப்பார்கள், குளியலறையை அளப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பெரிய அதிகாரிகள். பாவம், அவர்களால் தரையில் தவழ முடியாது, கட்டிலுக்கு அடியில் தலையை விட முடியாது, தொலைபேசி வயரைக் கடித்துப் பார்க்கவும் முடியாது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் எங்கள் வீட்டிலிருந்து ஓர் அதிகாரி புறப்பட்டு வந்தார். பெயர் பாப்பா என்றே இருக்கட்டும். வயது இரண்டுக்குள். பயணப்படி கேட்கவில்லை, ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று வெளியில் சொல்லிக்கொண்டு ஆய்வை ரகசியமாக முடித்தார். உதவியாளர்களாக நான், என் வீட்டுக்காரர், என் அத்தை. அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. அவர் இப்போதைக்குச் சுவரில் மட்டும்தான் எழுதுவார். அதன் மாதிரி ஒன்று தங்கள் அறையின் ஜன்னலோரம் இருக்கிறது.

தங்கள் விடுதியை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துவிடவில்லை. முன்பதிவுச் செயலியில் ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்ற கட்டத்தில் டிக் அடித்துத்தான் வந்தோம். படமும் பார்த்தோம். வெள்ளை மெத்தை, வெள்ளைத் தலையணை, வெள்ளை அங்கி போட்ட ஒரு குழந்தை துள்ளிக் குதித்துச் சிரிக்கிறது. ஏழு வயதாவது இருக்கும். மூக்கு ஒழுகவில்லை. கையில் பாதி நனைந்த பிஸ்கட் இல்லை. அப்படி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உலகத்தின் எந்த விடுதியிலும் தங்கலாம், ஐயா. அதற்கு எதற்குத் தனியாக ஒரு முத்திரை?

முதலில் நேரம். தெற்கேயிருந்து இரவெல்லாம் ஓடி வரும் ரயில்கள் எங்களை விடிகாலையில் எழும்பூரில் இறக்கிவிடுகின்றன. அதிகாரி செங்கல்பட்டில் கொளவாய் ஏரி தெரிந்ததிலிருந்தே விழிப்பு. தங்கள் அறையோ பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கண் விழிக்கும். முன்கூட்டியே அறை கிடைக்குமா என்று கேட்டோம். காலியாக இருந்தால் பார்க்கலாம், அரை நாள் வாடகை ஆகும் என்றார் வரவேற்பில் இருந்த பெண். சொன்னது சிரித்த முகத்தோடு என்பதைப் பதிவு செய்கிறேன். ஆகவே அதிகாரி தங்கள் வரவேற்பறையிலேயே ஆய்வைத் தொடங்கினார். பெரிய பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு ரோஜா இதழ் மிதக்க விட்டிருந்தீர்கள். சரியாக அவருடைய மார்பு உயரம். ஒவ்வோர் இதழாக எடுத்துப் பக்கத்து சோபாவில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு விருந்தினரின் மடிக்கணினி மீது ஒட்டினார். விருந்தினர் நல்ல மனிதர்.

இதே எழும்பூரில், கென்னட் லேன் பக்கம் போனால், இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில் அறை தரும் லாட்ஜுகள் உண்டு. காலை ஆறுக்கு வந்தால் மறுநாள் காலை ஆறு வரை. அவர்களுக்கு நட்சத்திரம் கிடையாது, ரயில் வரும் நேரம் தெரியும். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு குளியலும் ஒரு தூக்கமும். இரண்டையும் பிற்பகல் இரண்டு மணிக்குத் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தைகள் விளையாட்டு அறை நான்காம் மாடியில் இருக்கிறது என்று சொல்வது நல்ல நகைச்சுவை. அந்த அறையும் பத்து மணிக்குத்தான் திறக்குமாம்.

அறைக்குள் போனோம். ஐந்து நட்சத்திரத்துக்கு அறை குறைந்தது 200 சதுர அடி இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இருந்தது. அதில் கட்டில் ஒரு பங்கு, சாய்வு நாற்காலி ஒரு பங்கு, யாரும் எழுதாத எழுதும் மேசை ஒரு பங்கு, கூர்மையான நான்கு மூலைகளோடு கண்ணாடி டீப்பாய் ஒன்று. மிச்சமிருந்த தரையில் எங்கள் பெட்டி. அதிகாரிக்கு எத்தனை சதுர அடி கிடைத்தது என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டீப்பாயை வெளியே எடுத்துவிடச் சொல்லிக் கேட்டதற்கு, அது அறையின் ‘அமைப்பில்’ சேர்ந்தது, எடுக்க மேலிட அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி வருவதற்குள் அதிகாரியின் நெற்றி அதைச் சோதித்துவிட்டது. டீப்பாய்க்குச் சேதமில்லை.

அடுத்ததாகத் தொலைபேசி. கட்டிலோரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், பெரிய பொத்தான்களோடு. வரவேற்பில் எடுத்தவர் எவ்வளவோ பணிவாக “சொல்லுங்க மேடம், சொல்லுங்க மேடம்” என்றார். மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது. சேவையின் பொறுமைக்கு முழு மதிப்பெண்.

கூரையைப் பற்றி அத்தை தனியாக ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். பிள்ளைக்குத் தூளி கட்ட இடம் தேடினார். மின்விசிறி கிடையாது, முழு ஏசி. உத்தரம் கிடையாது, ஜிப்சம் பலகை. அதில் துருத்திக்கொண்டு நின்றது ஒன்றே ஒன்று, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் குமிழ். அத்தை அதைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது. “இம்புட்டுத் துட்டு வாங்குதான், ஒரு கொக்கி கூடவா மாட்டி வைக்கல?” என்றார். பிறகு, கேட்டதற்கு இணங்கித் தங்கள் ‘பேபி காட்’ வந்தது. மடக்குக் கட்டில். அதற்குள் காலை வைத்தால் அமுங்கும் மெத்தை, இரண்டு தலையணை, பஞ்சுப் போர்வை, போதாக்குறைக்கு ஒரு கரடி பொம்மை. கைக்குழந்தை தூங்கும் இடம் உறுதியாக, தட்டையாக, வேறு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் அலங்காரம் செய்து அனுப்பியிருந்தீர்கள். கரடியையும் தலையணையையும் எடுத்து மினிபார் மேல் வைத்தோம். அதிகாரி கடைசியில் எங்கள் இருவருக்கும் நடுவில், குறுக்காகப் படுத்தார்.

குளியலறைக்கு வருகிறேன். அறிக்கையின் முக்கியமான பகுதி இதுதான்.

தலைக்கு மேலே தாம்பாளம் அகலத்தில் ஒரு ஷவர், கண்ணாடிச் சுவர், வழுக்கும் கல் தரை, ஆர்க்கிட் பூ ஒன்று. குழாயை இடப்பக்கம் திருப்பினால் வெந்நீர். எவ்வளவு சூடு என்பது திருப்பிய பிறகு தெரியும். தண்ணீர்த் தொட்டியில் கிருமி வளரக் கூடாது என்று பெரிய கட்டடங்களில் 60 டிகிரி அளவில் வைத்திருப்பார்கள், அது சரியான காரணம்தான். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும், குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது. குழாய்முனையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று பொருத்தினால் தொல்லையில்லை. ஆர்க்கிட் பூவுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்திருக்கலாம். பிள்ளை பெற்ற வீடுகளில் வால்வு கிடையாது. அங்கே வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், விளாவிவிட்டு முழங்கையை விட்டுப் பார்த்து, பிள்ளையைக் காலில் போட்டு, குவளையால் மொண்டு ஊற்றுவோம். இதற்கு வேண்டியது வாளி ஒன்று, குவளை ஒன்று, உட்கார ஒரு முக்காலி. நட்சத்திர விடுதியில் மூன்றும் கிடையாது. கிடைத்தது தலையில் கொட்டும் மழை. அதிகாரி அலறிய அலறலில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.

நான் போன் செய்து வாளி கேட்டேன். “பக்கெட்டா மேடம்? ஐஸ் பக்கெட்டா?” என்றார்கள். இல்லை, குளிக்கிற வாளி. “எங்க பிராண்ட் ஸ்டாண்டர்டுல பக்கெட் இல்ல மேடம்.” சிறிது நேரம் கழித்து அறை சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். முந்தானைக்குப் பின்னால் நீல நிற பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு மக். பணியாளர்கள் குளிக்கும் இடத்திலிருந்து கழுவி எடுத்து வந்தது. “எனக்கும் பேரப்புள்ள இருக்குதும்மா. காலையில சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள குடுத்துரு” என்றார். தங்கள் விடுதியில் குடும்பத்துக்கு ஏற்றதாக நாங்கள் கண்டது அந்த வாளிதான். அக்காவின் பெயரை எழுத மாட்டேன், அவர் வேலையில் இருக்க வேண்டும்.

உணவு. ‘குழந்தைகள் மெனு’ என்று தனி அட்டை, ஓரத்தில் சிங்கம் படம், வண்ணம் தீட்ட இரண்டு கிரேயான். பிட்சா, பாஸ்தா, பொரித்த உருளைக்கிழங்கு, பொரித்த கோழி. குழந்தைகள் என்றால் எண்ணெயில்தான் வளர்வார்கள் என்று எந்த நாட்டில் எழுதி வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. அதிகாரிக்கு வேண்டியது குழைந்த சாதம், பருப்பு, ஒரு சொட்டு நெய், உப்பு. சமையலறையில் இந்த நான்கும் கட்டாயம் இருக்கும். ஆனால் மெனுவில் இல்லாததைக் கணினியில் எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. முடிவில் ‘தயிர் சாதம்’ என்று பதிவாகி வந்தது. நீளக் கண்ணாடிக் குவளையில், மேலே மாதுளை முத்து, வறுத்த மோர் மிளகாய், முழு முந்திரி. இந்த வயதில் முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், மிளகாயைச் சொல்லவே வேண்டாம். நான் பொறுக்கி எடுத்து முடிப்பதற்குள் அதிகாரி கிரேயானைச் சாப்பிட்டார். சிவப்பு. மறுநாள் காலை வரை எங்களுக்குக் கவலை கொடுத்தது.

காலைச் சிற்றுண்டி ஏழரைக்கு. அதிகாரி ஐந்தரைக்கு எழுவார். இடைப்பட்ட நேரத்தில் பால் காய்ச்ச ஒரு கெட்டில். கெட்டிலில் பால் காய்ச்சக் கூடாது என்று அதன் மேலேயே ஒட்டியிருந்தீர்கள். நல்லது, ஒப்புக்கொள்கிறேன். அதன் வயர் மேசையிலிருந்து தரை வரை தொங்கியதற்கு மட்டும் ஒட்டுச்சீட்டு எதுவும் இல்லை.

ராத்திரி எட்டு மணிக்கு அதிகாரி தூங்கினார். ஒரே அறை, ஒரே விளக்கு. அத்தை இருட்டில் ஜபம் செய்தார். நானும் வீட்டுக்காரரும் குளியலறையில், அவர் கமோடின் மூடி மீதும் நான் கண்ணாடிச் சுவரில் சாய்ந்தும், தோசை சாப்பிட்டோம். ஆர்க்கிட் பூவுக்கு எதிரில் அமர்ந்து சாப்பிட்டதில் ஒரு தனிச் சிறப்பு இருந்தது. ஒன்பதரைக்குக் கீழ்த்தளத்து விருந்து மண்டபத்தில் டிஜே தொடங்கியது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதே என்று வீட்டுக்காரர் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைப் போனில் தேடினார். அதிலேயே, மூடிய இடங்களுக்குள், விருந்து மண்டபம் உட்பட, விலக்கு என்று எழுதியிருந்தது. சட்டம் தங்கள் பக்கம். கட்டில் அதிர்ந்ததை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பணம் காரணமென்று சொல்ல முடியாது. 2022 மே மாதம் வடக்கு ரயில்வே, லக்னோ மெயிலின் ஒரு பெட்டியில், தாயின் படுக்கைக்குப் பக்கத்தில் மடக்கி விரிக்கும் குட்டிப் படுக்கை ஒன்றைச் சோதனைக்கு மாட்டிப் பார்த்தது. ரயில் பெட்டியின் அகலம் தங்களுக்குத் தெரியும். 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். எல்லாம் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகின்றனவா என்று கேட்காதீர்கள். தேவை என்று ஒருவருக்குத் தோன்றியது அல்லவா? தங்கள் வரவேற்பறையில் அந்த மாதிரி மூலை ஒன்றைக் கேட்டபோது, ‘பிசினஸ் சென்டர்’ காலியாக இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்றார்கள். டயப்பர் மாற்றும் பலகை பெண்கள் கழிவறையில் மட்டும் இருந்தது. என் வீட்டுக்காரர் டயப்பரும் பிள்ளையுமாக வெளியே நின்றுகொண்டு, கதவில் வரைந்திருந்த பாவாடை போட்ட உருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிற தை மாதம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. மறுபடி வரலாம் என்றுதான் எண்ணம்; அதிகாரிக்கு வாசலில் நிற்கும் மீசைக்காரக் காவலரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆகவே செயலியின் படங்களை இனிப் பார்ப்பதில்லை, போனில் சில கேள்விகள் கேட்போம். விடிகாலையில் அறை உண்டா? விருந்து மண்டபத்துக்கு மேலுள்ள மாடியா? பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலை போகுமா? ஆறு மணிக்குப் பால் காய்ச்சித் தருவீர்களா? வாளி இருக்கிறதா, ஐஸ் வைப்பது அல்ல? இதற்கெல்லாம் “பார்த்துச் சொல்கிறோம்” என்று பதில் வந்தால் கென்னட் லேனுக்குப் போய்விடுவோம்.

இப்படிக்கு,
ஆய்வு அதிகாரியின் தாயாரும் நேர்முக உதவியாளரும்.

பி.கு.: மினிபாரில் எடுத்ததாக ஒரு சாக்லேட்டுக்குப் பில் போட்டிருந்தீர்கள். பணம் கட்டிவிட்டோம். அது சாப்பிடப்படவில்லை, கட்டிலின் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவில், தங்கள் டிவி ரிமோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.