பௌர்ணமி பார்த்து டிக்கெட் போடு

தாய்லாந்து போவதற்குப் பாஸ்போர்ட், பணம், புதுச் செருப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேண்டியது பஞ்சாங்கம். அந்த ஊரில் சில விடுமுறைகள் தேதியை விட்டு அசையாது. சில நிலாவோடு நகரும். சில அமைச்சரவைக் கூட்டம் முடிந்ததும் வெளியே வரும். விடுமுறை சனி, ஞாயிறில் விழுந்தால் திங்கட்கிழமை ஈடு கொடுத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த பொங்கல்களுக்கு இங்கே எனக்கு யாரும் எதுவும் தந்ததில்லை.

அவர்கள் காலண்டரில் 2026 இருக்காது, 2569 இருக்கும். புத்தர் கணக்கு, 543 கூட்டிக்கொள்ள வேண்டும். அதிலும் 2483ஆம் ஆண்டுக்கு 9 மாதம்தான். ஏப்ரல் முதல் தேதி பிறந்துகொண்டிருந்த புத்தாண்டை 1941இல் ஜனவரிக்கு மாற்றியபோது, அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களைப் பிடுங்கி அடுத்த ஆண்டிடம் கொடுத்துவிட்டார்கள். 2483 பிப்ரவரியில் பிறந்தவன் என்று யாராவது ஜாதகம் நீட்டினால் பெண் கொடுத்துவிடாதீர்கள். வயதும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் பயணம் என்றால் கமிட்டி கூடும். நான், மனைவி, அம்மா, மகள், கூப்பிடாமலே வந்து உட்காரும் மச்சினன்.

என் ஓட்டு அவர்களின் பாரம்பரியப் புத்தாண்டான சொங்க்ரானுக்கு. ஏப்ரல் 13 முதல் 15 வரை. 14ஆம் தேதி நமக்கும் சித்திரைப் பிறப்பு, அம்பேத்கர் பிறந்தநாள் என்பதால் ஆபீஸில் ஒரு நாள் லீவு மிச்சம். 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த திருவிழா அது என்பதையும் சொன்னேன். பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்குவது அதன் பழைய வழக்கம். அந்தப் பயபக்தி தெருவுக்கு வந்ததும் வாளியாகவும் ரப்பர் குழாயாகவும் தண்ணீர்த் துப்பாக்கியாகவும் மாறிவிடும். பாங்காக்கில் சிலோம் சாலையும் காவ் சான் சாலையும் போர்க்களம். சியாங் மாயில் பழைய நகரைச் சுற்றி அகழியே இருப்பதால் ஆயுதத்துக்குப் பஞ்சமில்லை.

“காசு குடுத்து ஏங்க நனையணும்? மாடிக்குக் கீழ நில்லுங்க, துணி அலசின தண்ணிய நானே ஊத்தறேன்” என்றாள் மனைவி. உண்மையான வருத்தம் வேறு. அந்த நாட்களில் பாதிப் பாங்காக் சொந்த ஊருக்குப் போய்விடும். ரயில், பஸ் எதிலும் இடம் இருக்காது. சின்னக் கடைகள் பல சாத்திக் கிடக்கும். கடை சாத்திய ஊருக்கு அவள் வருவதாக இல்லை.

மச்சினனுக்கு மே மாதம்தான் வேண்டும், கோ பங்கான் தீவின் கடற்கரையில், பௌர்ணமி இரவுக் கூத்து. நான் பஞ்சாங்கத்தை விரித்தேன். மே மாதப் பௌர்ணமியில் பெரும்பாலும் விசாக பூஜை வந்துவிடும். அன்று மது விற்கக் கூடாது. மாக பூஜை, ஆசாட பூஜை, அதற்கு மறுநாள் தொடங்கும் பௌத்தத் தவக்காலம், அக்டோபர் வாக்கில் அது முடியும் நாள் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். புனித நாளில் பௌர்ணமி விழுந்தால் பௌர்ணமிக் கூத்தை ஒரு நாள் தள்ளி வைக்கிறார்கள். ஆக, பௌர்ணமிக்குப் போனால் கூத்து இல்லை, கூத்துக்குப் போனால் பௌர்ணமி இல்லை.

“2025ல சட்டத்தத் தளர்த்திட்டாங்க மாமா. ஓட்டல், ஏர்போர்ட்ல எல்லாம் கிடைக்கும்” என்றான். படிக்கிற காலத்தில் ஒரு பாடத்திலாவது இவ்வளவு ஆழமாகப் போயிருந்தால் இன்று எங்கோ இருந்திருப்பான்.

அவன் மனம் நொந்தது அதற்கு அடுத்த செய்தியில். அதே மே மாதத்தில் பாங்காக் சனாம் லுவாங் மைதானத்தில் அரச ஏர் பூட்டும் சடங்கு நடக்கும். நாள் குறிப்பவர்கள் அரண்மனை ஜோதிடர்கள். அரசு அலுவலகங்களுக்கு லீவு, வங்கிகளுக்குக் கிடையாது. உழுது முடித்த எருதுகளுக்கு முன்னால் நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், மது என்று 7 வகை வைப்பார்கள். எருது எதில் வாய் வைக்கிறதோ அதைக் கொண்டு அந்த ஆண்டின் பலன். மதுவைக் குடித்தால் வெளிநாட்டு வர்த்தகம் செழிக்குமாம்.

“மாட்டுக்கு மட்டும் மரியாதையாக் கொண்டுவந்து வைக்கிறாங்க” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

மகளுக்குப் பேய் வேண்டும். லோய் மாகாணத்து டான் சாய் ஊரில் பீ தா கோன் என்று பேய் முகமூடித் திருவிழா. ஒட்டரிசி வேகவைக்கும் மூங்கில் கூடையைத் தலையில் கவிழ்த்து, தென்னை மட்டையில் முகம் செய்து, நீள மூக்கு வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அதன் தேதியை ஆண்டுதோறும் ஊர்ச் சாமியாடிதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸ் லீவு படிவத்தில் ‘எந்தத் தேதி முதல்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘அருள் வந்ததும்’ என்று எழுதினால் மேனேஜருக்கு அருள் வந்துவிடும்.

அம்மா வெங்காயம், பூண்டு தொடாதவள். அவளுக்காகவே நடத்துவது மாதிரி ஃபுக்கெட்டில் ஒன்பது நாள் சைவத் திருவிழா இருக்கிறது. சீனக் கணக்கில் ஒன்பதாம் மாதம், நமக்குச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். மஞ்சள் கொடி கட்டிய கடையில் முட்டை, மீன் சாஸ் கிடையாது. வெங்காயம், பூண்டும் கிடையாது. அம்மா முகம் மலர்ந்தது. மகள் உடனே போனில் படத்தைக் காட்டினாள். சாமி வந்தவர்கள் கன்னத்தில் வாளையும் வேலையும் குத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்.

“அலகு குத்தறதப் பாக்க அவ்ளோ தூரம் போகணுமாடா? பழனிக்குப் பஸ் இல்லியா?”

நவம்பரில் லோய் க்ரதோங். வாழைமட்டைத் தெப்பத்தில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஆற்றில் விடும் பௌர்ணமி, எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் சியாங் மாயில் அந்த இரவுகளில் ஆகாயத்தில் விளக்கு பறப்பதால் விமானங்களை ரத்து செய்கிறார்கள், நேரம் மாற்றுகிறார்கள். விளக்கு மேலே போகும், நாங்கள் கீழே இருப்போம்.

டிசம்பரில் 5, 10, 31 மூன்றும் விடுமுறை. அந்தச் சீசனில் ஓட்டல் வாடகையைக் கேட்டதும் மனைவியே காலண்டரை மூடினாள்.

கடைசியில் மச்சினன் மாடியிலிருந்து இறங்கி வந்தான், கண்ணில் ஒளியோடு. “மாமா, செப்டம்பர்ல அங்க ஒரு அரசு விடுமுறைகூட இல்ல.” சரிபார்த்தேன், உண்மைதான். பாங்காக்கில் மழை கொட்டித் தீர்க்கும் மாதமும் அதுதான். சொங்க்ரானுக்கு மறுத்தவள் இதற்கும் நனைய வேண்டுமே என்று யோசிப்பதற்குள் மகள் சொன்னாள், “எனக்குக் காலாண்டுப் பரீட்சை.”

பரீட்சை முடிந்து விடுகிற லீவில் போகலாம் என்றேன். “அப்போ கொலுவ யாருடா வைக்கிறது?” என்றாள் அம்மா. நான் விடவில்லை. சிலோமிலேயே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, நவராத்திரி அங்கே அமர்க்களப்படும், விஜயதசமி இரவு அம்மன் வீதி உலாவுக்காகச் சாலையையே மூடிவிடுவார்கள், தாய் மக்களே தேங்காய் உடைக்க வரிசையில் நிற்பார்கள் என்றெல்லாம் அடுக்கினேன்.

அம்மா வெகுநேரம் யோசித்தாள். “சுண்டல் குடுப்பாளா?” என்றாள்.

மச்சினன் என்னை முந்திக்கொண்டு, “தினமும் அத்தை” என்றான்.