சித்தப்பாவின் உறைநிலைக் கொள்கை

வின்னிபெக்,
ஜனவரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம், இரவில் மைனஸ் முப்பது. சரக்கு குளிரில் உறையாது, ஆகவே குடித்தவன் ரத்தமும் உறையாது, வெள்ளைக்காரன் குளிரில் தாக்குப்பிடிக்கும் ரகசியம் அதுதான் என்கிற உங்கள் கொள்கையைப் படித்தேன். அதன் முதல் பாதியே இந்த ஊரில் நிற்காது. சுத்தமான எத்தனால் உறைய மைனஸ் 114 டிகிரி வேண்டும். அந்தக் குளிர் பூமியில் எங்கும் அடிப்பதில்லை, சரி. ஆனால் கடையில் விற்பதில் பெரும்பங்கு தண்ணீர். ஐந்து சதவீத பீர் மைனஸ் இரண்டு, மூன்றிலேயே கட்டி தட்டத் தொடங்கும். ஒயினுக்கு மைனஸ் ஐந்தாறு போதும். நாற்பது சதவீத வோட்காவுக்கு ஏறத்தாழ மைனஸ் 27. ஃப்ரீசரில் வைத்த வோட்கா உறையவில்லையே என்பீர்கள். ஃப்ரீசர் மைனஸ் 18-ஓடு நின்றுவிடும். இந்த ஊர் பால்கனிகளுக்கு அந்த அடக்கம் கிடையாது.

அப்போதும் வோட்கா கல்லாக இறுகாது, கூழாகத்தான் ஆகும். உங்கள் கொள்கைக்கு வேட்டு வைப்பது அந்தக் கூழ்தான். தண்ணீர் மூலக்கூறுகள் வரிசை பிடித்து உட்கார்ந்தால்தான் பனிக்கட்டி. எத்தனாலோ கல்யாணப் பந்தியில் இலை போடும்போது குறுக்கே நின்று வம்பளக்கும் சொந்தக்காரர். வரிசைக்குள் அவருக்கு இடமில்லை, மற்றவர்களையும் உட்கார விடமாட்டார். குளிர் இன்னும் ஏறினால் தண்ணீர் மட்டும் தனியே போய்க் கட்டியாகிவிடும். மிச்சமிருக்கும் திரவத்தில் போதை கூடும், அதை உறையவைக்க மேலும் குளிர் தேவைப்படும். நியூ ஜெர்சியில் குடியேறியவர்கள் புளித்த ஆப்பிள் சாற்றைக் குளிர்கால இரவில் வெளியே வைத்து, பனிக்கட்டியை அள்ளி எறிந்து, மிஞ்சியதை ஆப்பிள்ஜாக் என்று குடித்தார்கள். 1993-இல் கனடாவின் பெரிய பீர் கம்பெனிகள் இதே வழியில் ‘ஐஸ் பீர்’ கொண்டுவந்து ஆளுக்கு ஆள் மார்தட்டிக்கொண்டன. அடுப்பில்லாமல் சாராயமா என்று உங்கள் கண் விரிவது தெரிகிறது. காய்ச்சி வடிக்கிறவன் முதலில் வருகிற கெட்டதை ஒதுக்கலாம். இந்த முறையில் வெளியேறுவது தண்ணீர் ஒன்றுதான். மறுநாள் தலைவலிக்கான சரக்கெல்லாம் உள்ளேயே செறிந்து கிடக்கும்.

இனி ரத்தம். கனடாவில் வண்டி ஓட்டுகிறவன் ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால் இருந்தால் குற்றம். அந்த அளவு ரத்தத்தின் உறைநிலையை எவ்வளவு இறக்கும்? கணக்குப் போட்டால் ஒரு டிகிரியில் நூற்றில் மூன்று பங்கு. முழு டிகிரி இறங்க ரத்தத்தில் இரண்டரை சதவீதம் ஏற வேண்டும். அரை சதவீதத்திலேயே ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான், பிறகு உறைந்தால் என்ன, உறையாவிட்டால் என்ன! குடித்ததும் கதகதப்பாக இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளே இருந்த சூடு தோலுக்கு வருகிறது. தோலுக்கு வந்த சூடு வின்னிபெக் காற்றுக்குப் போகிறது. உடம்புக்கு அதில் நஷ்டம்.

உறையாமல் காப்பது கலப்பு. அது சாராயத்துக்கு மட்டும் வாய்த்த வரமல்ல. கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13-இல் உறையும், தண்ணீர் பூஜ்யத்தில். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை இரண்டும் தாங்கும். கார் கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரில் இருப்பது மெத்தனால், 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அத்தனை உயிரைப் பறித்த அதே விஷம். நிறத்தைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆல்கஹாலுக்கு நான் கைகூப்புகிற இடம் ஒன்று உண்டு: வெப்பமானி. பாதரசம் மைனஸ் 39-இல் தானே உறைந்துவிடும். 1759 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் பிரவுன் என்பவர் அதை உறையவைத்தே காட்டினார். அதற்குக் கீழேயும் ஆல்கஹால் வெப்பமானி குளிரை அளக்கும்.

இத்தனை குளிரில் ஃப்ரிட்ஜ் எதற்கு, பீரை வாசலில் வைக்கலாமே என்றும் எழுதியிருந்தீர்கள். உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் பருக்கும், டப்பா வெடிக்கும். தேங்காயெண்ணெய் நேர்மாறு, உறைந்தால் சுருங்கும். அதனால் சித்தியிடம் சொல்லி இரண்டு பாட்டில் தாராளமாக அனுப்புங்கள். இந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே உறைந்துதான் இருக்கும், ஆனால் பாட்டில் உடையாது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்