ராயபுரம்: இடிக்க மறந்த ஸ்டேஷன்

இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால் பம்பாய்க்காரர் 1853 ஏப்ரல் 16, போரிபந்தர், தாணே என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதற்குப் பதினாறு வருஷம் முன்னாலேயே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நாம் தண்டவாளம் போட்டிருந்தோம் என்று அவரிடம் சொன்னால் கொஞ்சம் சங்கடப்படுவார். அதில் வந்தது மனுஷர் இல்லை, சாலை போடும் கல். கல் டிக்கெட் எடுக்காது, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடாது. எனவே சரித்திரம் அதைப் பயணியாக ஒப்புக்கொள்ளவில்லை, பட்டம் பம்பாய்க்குப் போயிற்று.

மனுஷரை ஏற்றும் விஷயத்தில் மெட்ராஸ் நிதானமாகத்தான் யோசித்தது. 1845-இல் லண்டனில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள், அது படுத்துக்கொண்டது. 1852-இல் மறுபடியும் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. இந்தத் தடவை பங்குக்காரர்கள் உஷார். ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், போட்ட முதலுக்கு நாலரை, ஐந்து சதவீதம் என்று வட்டிக்கு சர்க்கார் உத்தரவாதம். லாபம் வந்தால் கம்பெனிக்கு, குறைந்தால் நம்மூர் வரிப்பணத்திலிருந்து. இதற்கு மேல் ஒரு பாதுகாப்பான முதலீட்டை நம் சிட் ஃபண்டு ஏஜெண்டுகள்கூட வாக்குத் தந்ததில்லை.

ஸ்டேஷனுக்கு இடம் பார்த்தது ராயபுரத்தில். கருப்பர் நகரத்தின் வியாபாரிகள் பக்கத்திலேயே இருந்தார்கள், கடலும் பக்கம். கடல் பக்கமே தவிர, அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகுக்காரர்கள் அலையைக் கிழித்துப் போய் ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து கரையில் போடுவார்கள். துரைமார்கள் நனைந்த கோழியாக வந்திறங்கியதெல்லாம் அப்படித்தான். சீமையிலிருந்து தண்டவாளமும் இன்ஜின் சாமான்களும் வந்தாலும் அவற்றுக்கும் இதே மரியாதைதான். நாகரிகத்தைத் தூக்கிக்கொண்டு இரும்பு யந்திரம் வந்தது என்று புத்தகங்களில் படிக்கிறோம். அந்த யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அரைத்துணி கட்டின நம் கரையோரத்து ஆள்.

1856 ஜூன் 28. ஆளுநர் ஹாரிஸ் பிரபு ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். இவருடைய தாத்தாதான் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைத் தோற்கடித்த படையின் தளபதி. தாத்தா கோட்டையைப் பிடித்தார், பேரன் ரிப்பன் வெட்டினார். அன்றைக்கு இரண்டு வண்டிகள். ஆளுநரும் வெள்ளைக்கார விருந்தாளிகளும் ஒன்றில். நம்மவர்களுக்குத் தனியாக இன்னொன்று, அதுவும் திருவள்ளூர் வரைதான். முதல் நாளிலேயே யார் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். பெட்டிகளைச் செய்தது நம்மூர் சிம்ப்ஸன் கம்பெனி. அதுவரை குதிரைக்குப் பின்னால் ஓடுகிற கோச் வண்டி செய்துகொண்டிருந்தவர்கள், இப்போது புகைக்குப் பின்னால் ஓடுகிறதைச் செய்தார்கள்.

ஜூலை 1 முதல் பொதுஜனங்களுக்கும் வண்டி. போகும் ஊர் ஆற்காடு என்றார்கள். ஆற்காடு பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. ஸ்டேஷனை வடக்கே வாலாஜா பக்கம் கட்டினார்கள். நவாபின் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டு ராயபுரத்தில் ஏறினவர் இறங்கி, ஆற்றைக் கடந்து, மிச்சத்தை மாட்டு வண்டியில் முடிக்க வேண்டும். மெட்ராஸ் என்று சொல்லி ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும் வித்தையை ஏதோ 2023-இல் கண்டுபிடித்ததாக யாரும் பெருமைப்பட வேண்டாம்.

ஆறே வருஷத்தில் இந்தப் பாதை மலையாளக் கரையில் பேப்பூரைத் தொட்டுவிட்டது. ராயபுரத்தில் ஏறினால் வங்கக் கடலிலிருந்து அரபிக்கடல். பாலக்காட்டுக் கணவாய் இல்லாவிட்டால் நடந்திருக்காத காரியம். ஆனால் பெருமையெல்லாம் ராயபுரத்துக்குத்தான். உயரத் தூண்கள், அகலத் தாழ்வாரம் என்று அது நின்ற நிலையைப் பார்த்தால், வருகிறவர் டிக்கெட் கேட்கவே கூச்சப்பட்டிருப்பார்.

அப்புறம்தான் கம்பெனி சின்ன வீடு வைத்தது. 1873-இல் பார்க் டவுனில் சென்ட்ரல் வந்தது. வயதில் பதினேழு சின்னது, சிவப்பு நிறம், பின்னாளில் மணிக்கூண்டு வேறு. ஆரம்பத்தில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்த வண்டிகள் மெல்ல அங்கேயே தங்க ஆரம்பித்தன. 1907-இல் சென்ட்ரல்தான் பிரதான ஸ்டேஷன் என்று ஆகிவிட்டது. மறு வருஷம் கம்பெனியே வேறொன்றோடு சேர்ந்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே என்று பெயரை நீட்டிக்கொண்டது. 1922-இல் தலைமை அலுவலகமும் சென்ட்ரல் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்குக் குடிபோயிற்று. ராயபுரத்துக்கு மிஞ்சியது துறைமுகச் சரக்கும் லோக்கல் வண்டியும்.

இங்கேதான் எனக்கு ராயபுரத்தின் அதிர்ஷ்டம் பிடிபடுகிறது. பம்பாய் வளர்ந்தது, போரிபந்தரின் பழைய ஸ்டேஷன் போய் விக்டோரியா டெர்மினஸ் வந்தது. கல்கத்தா வளர்ந்தது; ஹௌராவில் முதலில் இருந்த கொட்டகைகளின் இடத்தில் பெரிய ஸ்டேஷன் வந்தது. ராயபுரத்தை வளர்க்க ஒருவரும் வரவில்லை. வளர்க்காததால் இடிக்கவும் வரவில்லை. நாட்டில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் பழையது என்ற பட்டம் நம்மிடம் வந்து சேர்ந்தது பாரம்பரிய உணர்வால் அல்ல, ஃபைல் நகராததால். கூரையும் சுவரும் சிதைந்து கிடந்ததை லாலு பிரசாத் அமைச்சராக இருந்தபோது, 2005-இல், பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். அரசாங்கம் மறந்தே போனதால் பிழைத்த கட்டடத்துக்கு அரசாங்கமே விழா எடுத்தது.

அன்று முதல் வடசென்னைக்காரர்கள் விடாமல் கேட்கிறார்கள்: இங்கே இத்தனை நிலம் சும்மா கிடக்கிறதே, சென்னையின் மூன்றாவது ரயில் முனையமாக்கினால் என்ன? மனு போயிற்று, ஆர்ப்பாட்டம் நடந்தது, நீதிமன்றமும் பார்த்தாயிற்று. மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போனது. நாலாவதற்குப் பெரம்பூர் பெயர் அடிபடுகிறது. ராயபுரத்துக்கு எதையாவது கொடுப்பதென்றால் நம் அதிகாரிகளுக்குக் கணக்கு சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும். இது ரயில்வேக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

இப்போது அங்கே நிற்பவை மின்சார வண்டிகள். கடற்கரையில் கிளம்பினால் அடுத்த ஸ்டேஷன் இதுதான், அதற்கப்புறம் வண்ணாரப்பேட்டை. அங்கே பிரிந்து ஒன்று ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கமும், இன்னொன்று கும்மிடிப்பூண்டி பக்கமும் போகும். காலையில் காசிமேட்டு மீன் கூடைகள் ஏறும். ஏறினது எந்தப் பெட்டியில் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கவர்னர் ஏறின ஸ்டேஷனிலேயே ஐந்து ரூபாய்க்கு ஏறலாம், வண்டி அரை நிமிஷம் நிற்கும். அதற்குள் தூண்களைப் பார்ப்பதா, காலை வைப்பதா என்பது அவரவர் சாமர்த்தியம்.

எக்ஸ்பிரஸ் வண்டிகள் ராயபுரத்தை மறந்துவிட்டன என்று மட்டும் சொல்லக்கூடாது. இங்கேதான் மின்சார இன்ஜின் ஷெட் இருக்கிறது. டெல்லி, மும்பை என்று நீண்ட தூர வண்டிகளை இழுக்கிற, 6,000 குதிரைத் திறனுக்கு மேலான இன்ஜின்கள் இங்கேதான் சர்வீஸுக்கு வந்து நிற்கும். ஒவ்வொன்றின் உடம்பிலும் ராயபுரம் என்று எழுதியிருக்கும். ஷெட்டுக்குப் பின்னால் குடியிருப்பவருக்கு அவற்றின் ஹாரனே அலாரம். அவருக்கு டெல்லி போக வேண்டுமென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து சென்ட்ரலுக்குப் போய் நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் அவர் தெருக்கோடி இன்ஜினும் காலியாக அங்கே வந்து சேர்கிறது.